மூன்று கழகங்களின் கோல் காப்பாளர்

கல்கத்தாவின் மூன்று பெரிய உதைபந்தாட்டக் கழகங்களிலும் ஒருவர் மாறி மாறி விளையாடுவது இன்று பெரிய செய்தி அல்ல. 1960களில் நிலைமை வேறு. மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா, முகமதன் ஸ்போர்ட்டிங்கா என்ற கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதிலிலிருந்தே அவருடைய பூர்வீகம், மதம், பிரிவினைக்கு முன்பே அந்த நகரில் இருந்தவரா, பின்னர் ஓடி வந்தவரா என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடும். அந்த மூன்று கழகங்களின் கோல் கம்பங்களுக்கு நடுவிலும் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். தமிழ்ப் பெயர். அவர் வங்காளி அல்ல, முஸ்லிம் அல்ல, அகதியும் அல்ல. அந்த நகரத்தின் எந்தச் சண்டையிலும் அவருக்குப் பிறப்பால் வந்த பங்கு எதுவும் இருக்கவில்லை.

அவரைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு நான் வசிக்கும் மட்டக்குளிதான் காரணம். களனி ஆறு கடலில் விழும் இந்த முனையில் யாழ்ப்பாணம், வன்னி, மன்னார் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் வாடகை வீடுகளில் இருக்கிறோம். பின்னேரத்தில் பந்தோடு இறங்கும் பொடியன்களின் முதுகில் மெஸ்ஸியின் பெயர் இருக்கும். அவர்களுடைய தகப்பன்மாரின் வாயில் இன்னமும் நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், பாசையூர் சென். அன்ரனிஸ் என்ற பெயர்கள்தான். அங்கே இறுதியாட்டம் நடக்கும் நாளில் இங்கே கைத்தொலைபேசிகள் சூடாகும். ஆனால் சோண்டர்ஸ், ஜாவா லேன், ரினௌன் என்று கொழும்பின் கழகங்களில் ஒன்றைத் தன்னுடைய கழகம் என்று சொல்பவரை எங்கள் ஒழுங்கையில் நான் கண்டதில்லை. இடம்பெயர்ந்து வந்த சனம், வந்து சேர்ந்த நகரத்தில் ஒரு கழகத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்ட கதை எங்காவது உண்டா என்று தேடி வாசித்தபோது கல்கத்தா அகப்பட்டது. அந்தக் கதையின் நடுவில் தங்கராஜ் நின்றார்.

அவர் 1935 டிசம்பர் 24 அன்று ஐதராபாத்தில் பிறந்தார். பக்கத்திலேயே சிக்கந்தராபாத். பிரித்தானியர் காலத்துப் படை முகாம் நகரம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வேலைக்கு வந்து தங்கிய ஊர். படை முகாம் இருக்கும் இடத்தில் உதைபந்தும் இருக்கும். அங்குள்ள மோர்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர்க் கழகங்களில்தான் அவருடைய ஆட்டம் தொடங்கியது. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, 1948 செப்டெம்பரில், இந்திய இராணுவம் உள்ளே வந்து நிஜாமின் ஆட்சியை முடித்து வைத்தது. ஐந்து வருடங்களின் பின், 1953 இல், தங்கராஜே அந்த இராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் இருந்த மதராஸ் படைப்பிரிவு மையம் அவரை எடுத்துக்கொண்டது.

அங்கே அவர் முதலில் கோல் காப்பாளர் அல்ல, மத்திய முன்கள ஆட்டக்காரர். கோல் அடிக்கும் இடத்திலிருந்து கோலைத் தடுக்கும் இடத்துக்கு அவர் பின்னால் வந்தது அந்தப் படைப்பிரிவுக் காலத்தில்தான். எதிரணியின் முன்கள ஆட்டக்காரன் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் உதைப்பான் என்று ஊகிக்க அந்தப் பழைய பழக்கம் உதவியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். 1955 இல் மதராஸ் படைப்பிரிவு மையம் டுராண்ட் கிண்ணத்தை வென்றது. 1958 இல் மீண்டும் வென்றது. இந்தியாவின் மிகப் பழைய உதைபந்தாட்டப் போட்டி அது. மலை நாட்டில் இருந்த ஒரு படை முகாமின் அணி, கல்கத்தாவின் செல்வாக்கான கழகங்கள் எல்லாம் ஆடும் போட்டியை நான்கு வருடங்களுக்குள் இரண்டு முறை வென்றது சிறிய விடயம் அல்ல.

அதே 1955 இல் இந்திய அணிக்கும் வந்துவிட்டார். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் ஆடிய நாற்கோணப் போட்டி அது. 1952 இல் கொழும்பில் தொடங்கியதால் கொழும்புக் கிண்ணம் என்றே அதற்குப் பெயர். 1955 இல் அது டாக்காவில் நடந்தது. ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் ரசிகர்களில் இலட்சக்கணக்கானவர்கள் விட்டுவிட்டு ஓடி வந்த மண்ணில்தான் தங்கராஜின் சர்வதேச ஆட்டம் தொடங்கியது.

இனி அந்தக் கழகங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மோகன் பகான் 1889 இல் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை எடுத்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். வெள்ளைக்காரனை உதைபந்தில் வென்ற கழகம் என்ற பெயர் அன்றிலிருந்து அதற்கு நிலைத்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891 இல் பிறந்தது. 1934 இலிருந்து 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கல்கத்தா லீக்கை வென்றது. அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் அந்த லீக்கை ஒருமுறைகூட வென்றதில்லை. இந்த இரண்டுக்கும் பிந்தியது ஈஸ்ட் பெங்கால். 1920 ஜூலை 28 அன்று ஜோராபகான் என்ற கழகம் மோகன் பகானுடன் மோதியபோது சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் காரணம் சொல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டார். அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதால்தான் என்று நம்பிய அந்தக் கழகத்தின் உப தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறினார். ஓகஸ்ட் 1 அன்று புதிய கழகம் உருவாயிற்று. ஒரு ஆட்டக்காரரைத் துண்டித்ததிலிருந்து நூறு வருடப் பகை பிறந்தது.

பிரிவினை வந்தபோது இந்த மூன்றின் நிலையும் புரண்டது. கிழக்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்கள் சியால்டா நிலையத்தின் மேடைகளிலேயே மாதக்கணக்கில் கிடந்தார்கள். பிறகு ஜாதவ்பூர், பிஜோய்கர் பக்கம் வெறுங்காணிகளைப் பிடித்துக் குடிசை போட்டார்கள். உள்ளூர்க்காரர் அவர்களின் பேச்சைக் கேலி செய்தார்கள். பிறந்த இடத்தை முகத்தில் வைத்துப் பார்க்கும் நகரம் எப்படி இருக்கும் என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்தவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

கல்கத்தா அகதிகளுக்கு மைதானத்தில் சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு கொடி இருந்தது. அவர்கள் இழந்துவிட்ட நாட்டின் பெயரே அந்தக் கழகத்தின் பெயர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிஷ் மீனின் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறாலின் விலை ஏறும் என்பது அந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 1949 இல் ஈஸ்ட் பெங்கால் லீக், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கிண்ணம் மூன்றையும் ஒரே வருடத்தில் எடுத்தது. முகமதனின் கதை மறுபக்கம் போனது. 1946 ஓகஸ்ட் கலவரத்துக்கும் பிரிவினைக்கும் பிறகு அதன் ரசிகர்களிலும் ஆட்டக்காரர்களிலும் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். 1948 லீக்குக்குப் பிறகு அடுத்த வெற்றிக்கு அது 1957 வரை காத்திருந்தது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விடயம் வருகிறது. 1949 இல் அகதிகளைத் தலைநிமிர வைத்த அந்த ஈஸ்ட் பெங்கால் முன்களத்தில் ஐந்து பேர். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ரசிகர்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தார்கள். ஐவரில் ஒருவர்கூடக் கிழக்கு வங்கத்தவர் அல்ல. எல்லோரும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கழகச் செயலாளராக இருந்த ஜோதிஷ் குஹா திறமையைத் தேடித் தெற்குப் பக்கம் கண் வைத்திருந்தவர். மறுபக்கத்தில், மோகன் பகானின் பெருஞ்சுவர் என்று பெயரெடுத்த கோஷ்ட பால் பிறந்தது கிழக்கு வங்கத்து ஃபரித்பூரில். அதே கழகத்தின் செல்லப்பிள்ளை சுனி கோஸ்வாமி பிறந்தது கிஷோர்கஞ்சில். அதுவும் கிழக்கு வங்கம்தான். பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் பூர்வீகத்தைச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். கோட்டுக்குள் ஆடியவர்களின் பூர்வீகம் அந்தச் சண்டையோடு பொருந்தவே இல்லை.

தங்கராஜ் இந்த நகரத்துக்கு வந்தபோது நல்ல பெயரோடுதான் வந்தார். 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் இருந்தார். 1958 இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளராகத் தெரிவானார். 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். ஹங்கேரியிடம் 1-2 எனத் தோற்று, பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்த அணி அது. அதே 1960 பருவத்தில் இராணுவ சேவைகள் அணிக்குத் தலைமை தாங்கிச் சந்தோஷ் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். அப்படிப்பட்ட ஒருவரைக் கல்கத்தா விட்டு வைக்காது.

அந்தக் காலத்தில் கழகம் மாறுவது ஒரு திருவிழா. ஆட்டக்காரர்கள் பெயரளவில் தொழில்முறை சாராதவர்கள். ஆனால் ரயில்வேயிலோ வங்கியிலோ சுங்கத்திலோ வேலை, கையில் கொஞ்சம் காசு, தங்க ஓர் இடம் என்று கழகங்கள் பார்த்துக்கொள்ளும். வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த நாட்கள் நெருங்கும்போது கழகத்து ஆட்கள் நல்ல ஆட்டக்காரரைக் கூட்டிப்போய் யாருக்கும் தெரியாத வீட்டில் மறைத்து வைப்பார்கள், எதிரிக் கழகம் மனதை மாற்றிவிடக்கூடாது என்பதற்காக. யார் அந்த வருடம் பலசாலி என்பது மைதானத்துக்கு வருமுன் அந்த வீடுகளிலேயே பாதி தீர்ந்துவிடும். ரசிகனின் விசுவாசம் தலைமுறைக்கும், ஆட்டக்காரரின் விசுவாசம் ஒரு வருடத்துக்கும் என்பதுதான் நடைமுறை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சம்பளமில்லாத விளையாட்டில் குடும்பம் நடத்த வேண்டியவர்கள் அவர்கள்.

தங்கராஜ் முதலில் போனது முகமதனுக்கு. முஸ்லிம் சமூகத்தின் கழகம் என்றே வளர்ந்த அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டைக் கூட்டத்தின் கோலை, பீட்டர் என்ற பெயருள்ள ஒருவர் காத்தார். அந்த நாட்களில் முகமதன் பழைய பலத்தோடு இல்லை. 1961 லீக்கை சிக்கந்தராபாத்தைச் சேர்ந்த துளசிதாஸ் பலராமின் ஈஸ்ட் பெங்கால் எடுத்தது. 1962 லீக் மோகன் பகானுக்குப் போனது.

1962 இல் ஜகார்த்தா வந்தது. ஆசிய விளையாட்டு விழா. இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை, அதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தார், உடனே நகரம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. உதைபந்தாட்ட அணி மைதானத்துக்குப் போவதற்கே பயப்பட வேண்டிய நிலை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, பின்னர் தாய்லாந்து, ஜப்பான், அரையிறுதியில் தென்வியட்நாம் என்று வென்று மறுபடி தென்கொரியாவையே இறுதியாட்டத்தில் சந்தித்தது. அதுவரை கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார். இறுதியாட்டத்துக்குப் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம், நன்றாக ஆடிக்கொண்டிருந்த பர்மனை வைத்துக்கொள்ளாமல், காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்த தங்கராஜை இறக்கினார். கொரியர்களின் உயரப் பந்துகளுக்கு அவருடைய உயரம் தேவை என்பது ரஹீமின் கணக்கு. தலையில் தையல் போட்டிருந்த பின்கள ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தியதும் அதே ரஹீம்தான்.

செப்டெம்பர் 4. ஒரு இலட்சம் பேர் கொண்ட மைதானம் முழுவதும் எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் போட்டார்கள். அதன் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேலை எல்லாம் பின்பக்கம்தான். கடைசிப் பகுதியில் கொரியா ஒன்றைத் திருப்பிப் போட்டது. இரண்டாவதைப் போட முடியவில்லை. அன்று மைதானத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் என்று அந்த இந்திய அணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இந்திய உதைபந்தாட்டத்தின் மிகப் பெரிய வெற்றி அதுதான். அந்த அணியில் மோகன் பகான்காரர்கள் இருந்தார்கள், ஈஸ்ட் பெங்கால்காரர்கள் இருந்தார்கள், ஊரில் வருடம் முழுவதும் ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பாடுபட்டவர்கள். பயிற்றுநர் ரஹீம் அடுத்த வருடம் ஜூனில் புற்றுநோயால் இறந்துபோனார்.

1963 இல் தங்கராஜ் மோகன் பகானுக்குப் போனார். அங்கே தலைவர் சுனி கோஸ்வாமி, பின்களத்தில் ஜர்னைல் சிங், இடப்பக்கம் பெங்களூரிலிருந்து வந்த அருமைநாயகம். ஜகார்த்தா அணியின் முக்கியமான ஒரு துண்டு ஒரே கழகத்தில் சேர்ந்ததுபோல. அந்தக் காலத்தில் மோகன் பகானை யாராலும் அசைக்க முடியவில்லை. 1962 இலிருந்து 1965 வரை தொடர்ந்து நான்கு லீக். 1963, 1964, 1965 மூன்று வருடமும் டுராண்ட் கிண்ணம். அகதிக் குடியிருப்புகளில் அந்த வருடங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இலிஷ் மலிவாகக் கிடைத்திருக்கும்.

மைதானத்துக்கு வெளியே 1964 நல்ல வருடமாக இருக்கவில்லை. ஜனவரியில் குல்னாவில் இந்துக்கள் தாக்கப்பட, கல்கத்தாவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். எல்லையின் இரு பக்கமும் மறுபடி சனம் மூட்டை கட்டியது. தங்கராஜ் முதலில் ஆடிய கழகத்தின் ரசிகர்கள் ஒரு பக்கம் பயந்து ஓடினார்கள், அவர் அடுத்து ஆடப்போகும் கழகத்தின் ரசிகர்களின் உறவினர்கள் மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள். அந்த வருடம் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. தங்கராஜ் அந்த அணியிலும் இருந்தார்.

1965 இல் அவர் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அவருடைய ஆட்ட வாழ்வின் மிக நீண்ட பகுதி இங்கேதான், 1971 வரை. 1965 இலும் 1966 இலும் ஐ.எஃப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைத்தது. 1966 இல் லீக்கும் வந்தது, மோகன் பகானின் நான்கு வருட ஆட்சி முடிந்தது. 1967 இல் டுராண்ட் கிண்ணம். எல்லாம் ஒரு கோல் காப்பாளரால் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மோகன் பகானில் சுனியின் கால்கள் களைத்துக்கொண்டிருந்தன, குஹாவின் ஆட்தேடல் ஓயவில்லை, இரண்டாம் தலைமுறை அகதிகள் நகரத்தில் வேலையும் காசும் வாக்கும் உள்ளவர்களாக வளர்ந்திருந்தார்கள். கழகத்தின் பலம் அதன் ரசிகர்களின் பலத்தோடு சேர்ந்துதான் ஏறும். ஆனால் நான்கு வருடம் எதிர்ப்பக்கக் கோலைக் காத்த கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிடுங்கிக்கொண்டு வந்து தங்கள் கோலில் நிறுத்தியது அந்த ரசிகர்களுக்குக் கொடுத்த தென்பு வேறு.

1967 லீக்கை முகமதன் எடுத்தது, பத்து வருடங்களின் பின். அதே வருடம் தங்கராஜுக்கு அர்ஜுனா விருது. 1969 மோகன் பகான். 1970 இலிருந்து 1975 வரை ஆறு வருடம் தொடர்ந்து ஈஸ்ட் பெங்கால், முகமதனின் ஐந்து வருடச் சாதனை முறிந்தது. அந்த ஆறில் முதல் படிகளைத்தான் தங்கராஜ் கண்டார். அவர் ஈஸ்ட் பெங்காலை விட்ட 1971 இல் கிழக்கு வங்கத்திலிருந்து மறுபடியும் இலட்சக்கணக்கில் அகதிகள் கல்கத்தாவை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். டிசம்பரில் அந்த மண்ணுக்கு வங்காளதேசம் என்று பெயர் வந்தது. ஈஸ்ட் பெங்கால் என்ற பெயர் இனி எந்த நாட்டின் வரைபடத்திலும் இல்லை. ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில் மட்டும் மிஞ்சியது.

இந்தப் பகையை நான் அழகாக்கிச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1980 ஓகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இரண்டு கழகங்களும் மோதிய ஆட்டத்தில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் மிதிபட்டு இறந்தார்கள். போய் வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள். நாற்பத்து நான்கு வருடங்களின் பின், 2024 ஓகஸ்டில், கல்கத்தா அரச மருத்துவமனை ஒன்றில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதற்கு நீதி கேட்டு நகரம் கொந்தளித்தபோது, இரு கழகங்களின் ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாத அந்த மாலையில் சிவப்பு பொன்னிறக் கொடிக்காரர்களும் பச்சை மரூன் கொடிக்காரர்களும் மைதானத்துக்கு வெளியே ஒன்றாக வந்து நின்றார்கள். பொலிஸார் தடியடி நடத்தினார்கள். நீதிக்காக வருடக்கணக்கில் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரை வைத்திருக்கும் நமக்கு, அந்தப் படங்களை வெறும் விளையாட்டுச் செய்தியாகப் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

அதைப் பார்க்கத் தங்கராஜ் இல்லை. கல்கத்தாவை விட்ட பிறகு அவர் பயிற்றுநராக இருந்தார். பிற்காலத்தில் பொக்காரோ இரும்பாலை நகரத்தில் குடியிருந்தார். பிறந்த ஐதராபாத்துக்கும் ஆடிய கல்கத்தாவுக்கும் திரும்பவில்லை. வேலை கொண்டுபோய் விட்ட ஊரே ஊரானது. 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே இறந்தார். எழுபத்து மூன்றாவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது.